பழைய கல்லூரி மண்டபத்தில் முன்னாள் மாணவர் விழாவா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

எங்கள் கல்லூரியில் முன்னாள் மாணவர் சந்திப்பு முடிந்த மறுநாள் காலை, மண்டபத்தில் ஒட்டிய பேனரைக் கழற்றப் போனோம். டேப்போடு சேர்ந்து உள்ளங்கை அகலத்துக்குச் சுவர்ப் பூச்சும் வந்துவிட்டது. நூறு வருஷத்துக்கு மேல் நின்ற சுண்ணாம்புப் பூச்சு.

அப்புறம் செய்ததுதான் பெரிய தவறு. யார் கண்ணிலும் படுவதற்குள் ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து சிமென்ட் வைத்து மெழுகிவிட்டோம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், தானே வெளியே விட்டும்விடும். மேலே சிமென்ட் அடைத்துக்கொண்டால் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. பக்கவாட்டில் பரவி, நன்றாக இருந்த பூச்சையும் உப்பவைக்கும். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பெயர்ந்தால் நிர்வாகத்திடம் சொல்லிவிடுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் சரிசெய்யட்டும். பேனரைச் சுவரில் ஒட்டவே வேண்டாம், தனியாக நிற்கும் சட்டத்தில் கட்டலாம்.

அடுத்தது மின்சாரம். கட்டடம் சீரியல் செட்டுக்கும் எல்.இ.டி. திரைக்கும் முந்தியது. வயரிங் பிறகு வந்ததுதான் என்றாலும், பெரும்பாலும் விளக்கு, மின்விசிறியை மனத்தில் வைத்துப் போட்டது. டெக்கரேஷன்காரர் கண்ணில் பட்ட பிளக்கில் எல்லாம் சொருகுவார், விடக்கூடாது. ஜெனரேட்டரை வெளியே நிறுத்தித் தனி இணைப்பு எடுங்கள். மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய கூரையில் செங்கல்லையும் சுண்ணாம்பையும் தாங்குவது மர உத்தரங்கள். காய்ந்த மரம் எப்படிப் பற்றும் என்று சொல்ல வேண்டியதில்லை. சேப்பாக்கம் அரண்மனையின் கலச மஹால் 2012 ஜனவரியில் எரிந்தபோது தீயணைப்புத் துறையைச் சேர்ந்த ஒருவர் உயிரிழந்தார். ஹார்வர்டில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்புக்காக உயிர்விட்ட முன்னாள் மாணவர்கள் நினைவாக எழுப்பிய மெமோரியல் ஹாலின் கோபுரம் 1956இல் தீக்கிரையானது. மறுபடி கட்டி முடிக்க 1999 ஆகிவிட்டது. குத்துவிளக்கு ஏற்றுங்கள், தாராளமாக. மேடைத் திரைச்சீலையிலிருந்து தள்ளி வையுங்கள்.

ஒலிக்கு வருவோம். கலச மஹாலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ். ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1874இல் தொடங்கி 1879இல் முடிந்த கட்டடம். 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்றம்கூட அங்கே கூடியது. இந்த மாதிரி உயரமான கூடத்தில் மேடைக்கு இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர் வைத்து அலறவிட்டால், பேசுகிறவரின் ஒரு சொல்லும் புரியாது; எதிரொலிதான் வந்துகொண்டிருக்கும். சவுண்ட் சர்வீஸ்காரர் உடனே ஒலியைக் கூட்டுவார். கூடக்கூடக் குழப்பம்தான். சின்ன ஸ்பீக்கர்களை நீளவாக்கில் ஆட்களுக்கு அருகில் பரப்பி வைத்து, பேஸைக் குறைக்கச் சொல்லுங்கள். ஈயப்பட்டையில் பொருத்திய வண்ணக் கண்ணாடி ஜன்னல் இருந்தால் அதிர்வு அதற்கும் ஆகாது.

சாப்பாடு வெளியே, சாமியானாவில். இதில் விவாதமே வேண்டாம். பாயசம் சிந்தினால் பழைய தரை கறையைக் குடித்துவிடும்.

வருகிறவர்களின் வயதையும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பொன்விழா பேட்ச் என்றால் எழுபதைத் தாண்டியவர்கள். பழைய கட்டடங்களில் முகப்புப் படிகள் உயரம், கழிப்பறை எங்கோ பின்கட்டில். படிமேல் பலகையில் தற்காலிகச் சாய்தளம் போட ஒரு தச்சர் போதும், ஆணி கல்லில் இறங்காமல் பார்த்துக்கொண்டால் சரி. கழிப்பறைக்குப் போகும் வழியில் நாற்காலி இரண்டு போட்டு, ஒரு மாணவரையும் நிறுத்திவையுங்கள்.

கடைசியில் குரூப் போட்டோ. எங்கள் ஆட்கள் நாற்பது பேர் மாடி மரப் பால்கனியில் ஏறி நின்றதும் வாட்ச்மேன் ஓடிவந்து கத்தினார். அன்றைக்கு எல்லோருக்கும் கோபம். முனகிக்கொண்டே இறங்கி வேப்ப மரத்தடியில் எடுத்தோம். வெளிச்சமும் அங்கேதான் நன்றாக இருந்தது.