'ஆம்' போட்டு வரும் பேச்சை எப்படி விசாரிப்பது

இலங்கை மலையகத்தில், பண்டாரவளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோ கொப்பி கடை வைத்திருக்கிறேன். கொப்பி எடுப்பதை விட, தேயிலைத் தோட்டத்துச் சனத்துக்குக் கடிதம் எழுதுவதும் படிவம் நிரப்புவதும்தான் என் முக்கால்வாசி வேலை. அவர்கள் வாயைத் திறந்ததுமே 'ஆம்' வந்துவிடும். "காசு வராதாம்." "அந்த ஃபோர்ம் இப்ப இல்லையாம்." "மேலிடத்துல சொல்லிட்டாங்களாம்."

'ஆம்' நல்ல சொல்தான். நான் பார்க்கவில்லை, கேட்டதைச் சொல்கிறேன் என்பதை வார்த்தையின் வாலிலேயே ஒட்டிச் சொல்லிவிடலாம். பழக்கமும் பழசு: தொல்காப்பியத்தின் முதல் சூத்திரத்திலேயே எழுத்து 'முப்பஃது என்ப' என்று வருகிறது, யார் என்ப என்று பெயர் இல்லை. ஆனால் தோட்டத்தில் ஒரு செய்தி இரண்டு வாய் தாண்டுவதற்குள் அந்த 'ஆம்' உதிர்ந்துபோய், "காசு வராது" என்பது மட்டும் நிற்கும். அதை நம்பி உரிமையை விட்டவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

ஒரு அம்மா வந்தார். வயது ஐம்பத்திமூன்று, முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். பேத்தியின் பிறப்புச் சான்றிதழைக் கொப்பி எடுக்கத்தான் வந்தார். பேச்சுவாக்கில், "என் ஈபிஎஃப் காசு வராதாம் புள்ள, ஆபிஸ்ல சொல்லிட்டாங்க" என்றார். வேலையை விட்டு இரண்டு வருடமாம். ஈபிஎஃப் என்கிற ஊழியர் சேமலாப நிதிக்கு விண்ணப்பமே போடவில்லை.

இந்த இடத்தில் "யார் சொன்னது?" என்று நேரே கேட்டுவிடாதீர்கள். பொய் சொல்கிறாய் என்பது போல இருக்கும். இல்லாவிட்டால், பெயர் சொன்னால் அந்த ஆளுக்கு வம்பு வருமோ என்று பயந்து வாயை மூடிக்கொள்வார்கள். இடத்தைக் கேளுங்கள்.

"எங்க வச்சும்மா கேட்டீங்க?"

"மடுவத்துல, கொழுந்து நிறுக்கயில."

"அப்ப பக்கத்துல யாரு நின்னா?"

"சம்பந்தியம்மா."

இடம் ஞாபகம் வந்தால் ஆளும் வந்துவிடும். சம்பந்தியம்மாவுக்கு அங்கிருந்தே போன் போட்டோம். அவருக்குச் சொன்னது மகன். மகன் கேட்டது பஸ்ஸில், பக்கத்து சீட்டுக்காரரிடம். அந்த ஆளின் அம்மாவுக்கு அடையாள அட்டையில் ஒரு பெயர், ஈபிஎஃப் கணக்கில் வேறு பெயர். அதனால் ஓர் அலுவலகத்தில் "பேரைத் திருத்திக்கிட்டு வாங்க" என்று அனுப்பியிருக்கிறார்கள். அது மூன்று வாய் தாண்டி "காசு வராது" ஆகிவிட்டது.

என் முன்னால் நின்ற அம்மாவின் பையிலிருந்த அடையாள அட்டையையும், மடித்து மடித்துக் கிழியப்போன ஈபிஎஃப் கூற்றையும் கண்ணாடி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரை விரலால் எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட வித்தியாசமில்லை. யாருடைய பிரச்சினையோ இந்த அம்மாவைத் தடுத்திருந்தது. மாதாமாதம் தொழிலாளியிடம் நூற்றுக்கு 8, தோட்டத்திடம் 12 என்று சேர்ந்த காசு அது. வேலையை விட்ட பெண்ணுக்கு 50 வயதிலும் ஆணுக்கு 55 வயதிலும் எடுக்க உரிமை உண்டு. அன்றைக்கே தொழில் திணைக்களத்துக்கான படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன்.

"எல்லாரும் சொல்றாங்க" என்றால் இரண்டு பேரைச் சொல்லச் சொல்லுங்கள். அநேகமாக ஒருவர்தான் இருப்பார். "சீனி வருத்தக் குளிசை குடிச்சா கிட்னி போயிருமாம், டொக்டர்மார் சொல்றாங்க" என்றால், உங்கள் கிளினிக் கொப்பியில் அப்படி எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். எழுதவில்லையா, அடுத்த கிளினிக்கில் கேட்கும்வரை குளிசையை நிறுத்தக் கூடாது. இதில் நான் கண்டிப்பாகவே பேசுவேன்.

அரசாங்க அலுவலகத்தில் "மேலிடத்து உத்தரவு" என்றால் சண்டை வேண்டாம். "சரிங்க சேர், சுற்றுநிருபத்தோட இலக்கமும் திகதியும் சொல்லுங்க, கடிதத்துல எழுதணும்" என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேளுங்கள். உண்மையான சுற்றுநிருபத்துக்கு இரண்டும் இருக்கும். தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். "தொரை சொன்னாராம்" என்பது வேறு, தொரை தோட்டத்து மேலாளர். அதற்குத் தோட்டத்துச் சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு நேரிலேயே போக வேண்டும்.

மழைக்காலத்தில் மட்டும் இந்த முறையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள். "மண் சரியுமாம், போகச் சொல்றாங்களாம்" என்று லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு குரல் கேட்டால், யார் என்று கேட்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். "ஒண்ணும் ஆகாதாம்" என்கிற பேச்சைத்தான் விசாரிக்க வேண்டும். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களின் மேல் மலை இறங்கியது. ஆபத்தான இடம் என்று முன்பே சொல்லப்பட்ட சரிவு அது. மண்சரிவு எச்சரிக்கை தருவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் புறப்படத் தயார், சிவப்பு என்றால் உடனே வெளியேறு. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐக் கடைக் கண்ணாடியில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். அடையாள அட்டைகளை ஒரு பொலித்தீன் பையில் போட்டு வாசல் ஆணியில் மாட்டி வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பான இடத்துக்குப் போய் உட்கார்ந்த பிறகு அந்த நம்பருக்கு எடுத்து, என்ன நிறம் என்று கேளுங்கள்.