பானக ரம்முக்கு ஒரு கோப்பை செய்வது எப்படி?

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக்கு நண்பர்கள் வந்தால் பானகச் சுவையில் ஒரு காக்டெயில் கலப்பேன். ரம் 60 மி.லி., எலுமிச்சைச் சாறு 15, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்ட வெல்லப்பாகு 15. ஐஸோடு குலுக்கி, வடிகட்டி, ஐஸ் இல்லாமல் ஊற்ற வேண்டும். அதற்கென்றே ஒரு கோப்பை வேண்டும் என்று வெகுநாள் ஆசை. இரண்டாவது முயற்சியில் கைகூடியது.

1. அளவு
கூட்டினால் 90 மி.லி. வருகிறது. அந்தக் கணக்கு போதாது. 12 விநாடி குலுக்கியதும் உருகிய ஐஸ் நீரும் சேர்ந்து எனக்கு 130 ஆனது. மூன்று முறை குலுக்கி அளந்து பாருங்கள்.

2. வடிவம்
ஏலக்காய் மணம் மூக்குக்கு எட்ட வாய் அகலமாக இருக்கட்டும். ஐஸ் இல்லாததால் விரல் சூடு படாதபடி தண்டும் வேண்டும். நான் எடுத்தது அரைக்கோளம்: ஆரம் 4.4 செ.மீ., கொள்ளளவு 178 மி.லி. 130 ஊற்றினால் விளிம்புக்குக் கீழே 8 மி.மீ. இடம் இருக்கும், ஏந்தி நடந்தாலும் சிந்தாது.

3. களிமண் அச்சு
கணினி மென்பொருளைவிடக் களிமண்ணையே நான் நம்புகிறேன். கையில் உருட்டும்போதே வடிவம் புரிந்துவிடும். களிமண்ணை இங்கே குயவர்கள் வாழும் பாட்டரி டவுனில் வாங்கினேன். அட்டையில் கால்வட்டம் வெட்டி, அதைச் சுற்றிச் சுற்றி வழித்து அரைக்கோளம் ஆக்குங்கள். மெல்லிய பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றி, தளும்பத் தளும்ப நீர் நிறைந்த பாத்திரத்தில் முழுக்குங்கள். வழிந்த நீரை எடை போடுங்கள்: ஒரு கிராம் ஒரு மி.லி. அதுவே கோப்பையின் கொள்ளளவு.

4. நான் சறுக்கிய இடம்
ஆய்வகக் குடுவைகள் ஊதித் தரும் கைவினைஞர் ஒருவரிடம் அச்சைக் கொடுத்து, "இந்த அளவில் வேண்டும்" என்றேன். அவர் வெளி அளவை அதற்குப் பொருத்தினார். கண்ணாடியின் தடிமன் 2 மி.மீ. ஆகவே உள் ஆரம் 4.2 ஆகிவிட்டது. கொள்ளளவு 178இலிருந்து 155ஆகக் குறைந்தது! 130 ஊற்றியதும் விளிம்புக்கு நான்கரை மி.மீ.தான் மிச்சம்; முதல் விருந்தினர் எழுந்ததும் சட்டையில் ரம். தவறு என்னுடையது. களிமண் அச்சு என்பது பானத்தின் உருவம். கண்ணாடி அதற்கு வெளியே வர வேண்டும். அச்சோடு கொடுக்கும் வரைபடத்தில் "உள் அளவு" என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

5. தண்டும் அடியும்
தண்டு 7 செ.மீ., அடித்தட்டின் விட்டமும் 7. விளிம்பைத் தீயில் வாட்டி மழுக்கச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை: அச்சின் கொள்ளளவு குறைவாக வருகிறது என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். இரண்டு நாள் காயவிட்டிருக்கிறார். காய்ந்தால் களிமண் சுருங்கும். ஈரம் போகுமுன் அளந்து, ஈரத்துணி சுற்றியே கைவினைஞரிடம் கொண்டுபோங்கள்.