பைக் சைடு பாக்ஸ் ஸ்பீக்கர் கடகடக்கிறதா? டேம்பிங் ஷீட் ஒட்டும் முறை

பித்தளைத் தாம்பாளத்தை விரல் கணுவால் தட்டுங்கள். ‘ணங்ங்’ என்று நெடுநேரம் முழங்கும். விளிம்பில் ஒரு விரலை வைத்தால் சட்டென்று அடங்கிவிடும். டேம்பிங் ஷீட் செய்வது அந்த விரலின் வேலை. மூடியில் ஸ்பீக்கர் பொருத்திய சைடு பாக்ஸின் மெல்லிய சுவர், அந்த ஸ்பீக்கரோடு சேர்ந்து அதிர்வதை அது அடக்கும். காற்றின் இரைச்சலைத் தடுக்காது, இல்லாத பேஸை (தாழ்ந்த ஒலியை) கொண்டுவரவும் செய்யாது.

இதைத் தெரிந்துகொள்ளாமல் பெட்டி முழுக்க ஷீட்டை அப்பிவிட்டு, “ஒரு வித்தியாசமும் இல்லையே” என்பவர்கள்தான் அதிகம். பேஸ் குறைவதற்குப் பெரும்பாலும் காரணம் காற்றுக்கசிவு. ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் அதிரும் கூம்புதான் கோன். அதன் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் ஒன்றுக்கொன்று எதிரானவை. மூடி இடுக்கு வழியாகப் பின்பக்க ஒலி வெளியே வந்தால் இரண்டும் மோதி, தாழ்ந்த ஒலி காணாமல் போகும். அதனால் முதலில் கடகடப்பு, பிறகு கசிவு, அதன்பின் ஷீட், கடைசியாகப் பஞ்சு என்று போவதுதான் சரி.

என்னென்ன வாங்க வேண்டும்

அலுமினியத் தாள் ஒட்டிய 2 மி.மீ. பியூட்டைல் (ஒட்டும் தன்மையுள்ள ஒருவகை ரப்பர்) ஷீட். ஏறக்குறைய 50 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம் உள்ள மூடிக்கு 1,250 சதுர செ.மீ., வெளிப்பக்கச் சுவரின் நடுவில் 600, உட்பக்கச் சுவருக்கு 400 என்று ஒரு பெட்டிக்கு 2,250 சதுர செ.மீ. ஆகும். இரண்டு பெட்டிக்கும் வெட்டுச் சேதாரம் சேர்த்து அரைச் சதுர மீட்டர் போதும். சதுர மீட்டருக்கு 3 முதல் 3.5 கிலோ எடை வரும் என்பதால், ஒவ்வொரு பெட்டியிலும் முக்கால் கிலோ ஏறும். பெட்டி எவ்வளவு எடை தாங்கும் என்பதை மேனுவலில் பாருங்கள். ஸ்பீக்கரின் காந்தமும் அந்தக் கணக்கில்தான் வரும்.

தளம் ஒழுகினால் ஒட்டுகிற தார் ஷீட்டும் பார்ப்பதற்கு இதே போல் பளபளப்பாக இருக்கும், விலையும் குறைவு. அதை வாங்காதீர்கள். காரைக்குடிச் சித்திரை வெயிலில் நிற்கிற கறுப்புப் பெட்டிக்குள் தார் இளகி, வழுக்கி, ஸ்பீக்கர் மேலேயே வந்து விழும். முகர்ந்து பார்த்தால் தார் வாடை காட்டிக்கொடுத்துவிடும். பியூட்டைலில் வாடை அநேகமாக இருக்காது. மேல்தாளை நகத்தால் கீறியும் பாருங்கள். உடனே கிழிந்தால் தாள் மெலிது, அதிர்வை அவ்வளவாக அடக்காது.

இவற்றோடு 5 மி.மீ. தடிமனுள்ள, தண்ணீர் உறிஞ்சாத ரப்பர் ஃபோம் டேப், துணி டேப், சிறிய ரோலர், கட்டர், கையுறை, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வேண்டும். இந்த ஆல்கஹால் மொபைல் சர்வீஸ் கடைகளில் பயன்படுவதுதான், கேட்டால் கிடைக்கும்.

1. எது சத்தம் போடுகிறது?

ஸ்பீக்கரைக் கழற்றுவதற்கு முன்பே பார்க்க வேண்டிய வேலை இது. மொபைலில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போட்டு, 60 ஹெர்ட்ஸிலிருந்து 200 வரை மெதுவாக ஏற்றுங்கள். வால்யூம் நடுத்தரமாக இருக்கட்டும். ‘கிர்ர்’ என்று வரும் இடத்தில் நிறுத்தி, மூடி, லாட்ச், கீல், ஸ்பீக்கர் கிரில் என்று ஒவ்வொன்றையும் கையால் அழுத்துங்கள். எதை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ, அங்கே சாக்பீஸால் குறி போடுங்கள். பாதிக்குப் பாதி, குற்றவாளி சுவராக இருக்காது. தளர்ந்த லாட்ச்சோ சுவரில் அடித்துக்கொள்ளும் ஒயரோதான். ஒயருக்குத் துணி டேப் சுற்றிக் கட்டினாலே அது தீர்ந்துவிடும். அதற்கு ஷீட் ஒட்டுவது வீண்செலவு.

2. கசிவை அடைத்தல்

பெட்டிக்குள் டார்ச்சை எரியவிட்டு மூடி, இருட்டறையில் வையுங்கள். வெளிச்சம் எங்கே தெரிகிறதோ அங்கே ஒலியும் கசியும். மூடி விளிம்பைச் சுற்றி ஃபோம் டேப்பை ஒட்டி, முனைகள் இரண்டும் இடைவெளியின்றிச் சேரும்படி பாருங்கள். பிறகு ஒரு காகிதத் துண்டை இடுக்கில் வைத்து மூடி இழுங்கள். எதிர்ப்போடு வந்தால் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் அழுத்தம் போதாது. அதற்காக 10 மி.மீ. டேப் போட்டுவிடாதீர்கள். லாட்ச்சை வலுக்கட்டாயமாகப் பூட்ட வேண்டி வரும், மூடி நடுவில் வளைந்து ஓரம் பிளந்துகொள்ளும். ஒயர் நுழையும் துளைக்கு ரப்பர் வாஷர் போடுங்கள்.

அடியில் உள்ள தண்ணீர் வடியும் துளையை மட்டும் விட்டுவையுங்கள். ஐப்பசி மழையில் அது இல்லாவிட்டால் பெட்டி தொட்டியாகிவிடும்.

3. சுத்தம் செய்தல்

இந்தப் பக்கத்துச் செம்மண் புழுதி மாவு மாதிரி; கண்ணுக்குத் தெரியாமல் ஒரு படலமாகப் படிந்திருக்கும். ஷீட் அந்தப் படலத்தில்தான் ஒட்டும், பெட்டியில் அல்ல. சோப்புத் தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவைத்து, ஆல்கஹால் நனைத்த துணியால் இரண்டு முறை துடையுங்கள். துணி வெள்ளையாகவே திரும்பும்வரை விடாதீர்கள். பெட்ரோல், தின்னர், அசிட்டோன் எதுவும் கூடாது. ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை அசிட்டோன் கரைத்துவிடும்.

ஃபைபர் கிளாஸ் பெட்டியென்றால் உட்புறம் சொரசொரப்பாக, நார் துருத்திக்கொண்டு இருக்கும். முகக்கவசம் போட்டு, 80 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்த பிறகே துடைக்க வேண்டும். பாலிஎத்திலீன் பெட்டியில் எந்தப் பசையும் அரைமனதாகத்தான் பிடிக்கும். அதையும் 120 எண் தாளால் சொரசொரப்பாக்கிக்கொள்ளுங்கள்.

4. வெட்டி ஒட்டுதல்

பழைய நாளிதழில் மூடியின் அச்சை எடுத்து, அதை ஷீட்டின் மேல் வைத்து வெட்டுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வைத்து வெட்ட வேண்டாம். கட்டர் போட்ட கோடு எவ்வளவு தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தாலும் போகாது. அடியில் ஒரு பிளைவுட் பலகை வையுங்கள். வெட்டிய தாளின் ஓரம் பிளேடு போல இருக்கும், கையுறையைக் கழற்றாதீர்கள்.

கோடையில் ஹீட் கன் தேவையில்லை. வெட்டிய துண்டுகளை முற்றத்து வெயிலில் பத்து நிமிடம் வைத்தாலே பியூட்டைல் இளகிவிடும். மார்கழியில் ஹேர் டிரையர் போதும்.

முதலில் மூடி. ஸ்பீக்கர் துளையைச் சுற்றி விரலால் தட்டிக்கொண்டே போங்கள். ‘டங்’ என்று ஒலிக்கும் அகன்ற சமதளங்களில்தான் ஷீட் வேண்டும். விளிம்பிலும் மூலையிலும் பெட்டியே விறைப்பாக ‘டொக்’ என்றுதான் கேட்கும். சுவர்களில் கால்பங்கு பரப்பை நடுவில் ஒட்டினாலே அதிர்வு பெருமளவு அடங்கிவிடும். மூடியில்தான் ஸ்பீக்கர் உட்கார்ந்திருக்கிறது என்பதால், அங்கே மட்டும் முழுக்க ஒட்டலாம்.

பின்தாளை ஒரே வீச்சில் உரிக்காதீர்கள். ஒரு முனையில் மூன்று விரற்கடை உரித்துப் பதித்து, ரோலரால் நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டிக்கொண்டே உரியுங்கள். தாளில் பொறித்த வைர வடிவம் தட்டையாகி மறையும்வரை அழுத்தினால்தான் ஷீட் சுவரோடு ஒன்றும். ரோலர் இல்லையென்றால் எவர்சில்வர் கரண்டியின் முதுகு போதும். காற்றுக்குமிழி வந்தால் கட்டர் நுனியால் குத்தி, அழுத்தி வெளியேற்றுங்கள். குமிழி இருக்கும் இடத்தில் ஷீட் வெறும் பாரம்தான்.

மறக்கக் கூடாதவை சில. ஸ்பீக்கர் சட்டத்துக்கு அடியில் ஷீட் போகக் கூடாது, திருகு சமமாக இறங்காது. அங்கே ஃபோம் டேப்தான். அலுமினியத் தாள் மின்சாரம் கடத்தும். டெர்மினலைச் சுற்றி 2 செ.மீ. விட்டுவிட்டு, டெர்மினலுக்கு ஸ்லீவ் மாட்டுங்கள். தாளில் பட்டு ஷார்ட் ஆனால் போவது ஆம்ப்ளிஃபையர். பெட்டிக்குள் ஆம்ப் இருந்தால் அதன் மேல் எதையும் ஒட்டாதீர்கள். சைலன்சர் பக்கப் பெட்டியின் உட்சுவரும் சூடாகும், அதையும் வெறுமையாகவே விடுங்கள்.

5. பஞ்சும் சோதனையும்

30 லிட்டர் பெட்டிக்கு 200 முதல் 250 கிராம் பாலியெஸ்டர் தலையணைப் பஞ்சு போதும். மெல்லிய துணிப்பையில் போட்டு, கோனில் படாமல் கட்டிவையுங்கள். மெத்தை ஃபோம் ஈரத்தை வைத்துக்கொண்டு பூஞ்சை பிடிக்கும்.

ஸ்பீக்கரை மாட்டும் முன் 1.5 வோல்ட் பேட்டரியை நேரடியாக அதன் டெர்மினல்களில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பிளஸ், பிளஸில் படும்போது கோன் வெளியே தள்ள வேண்டும். ஒரு பக்கம் ஒயர் மாறியிருந்தால், எவ்வளவு ஷீட் ஒட்டினாலும் பேஸ் வராது. ஆம்பில் ஹை பாஸை (தாழ்ந்த ஒலியை வெட்டும் அமைப்பை) 80 முதல் 100 ஹெர்ட்ஸில் வையுங்கள். அதற்குக் கீழே சைடு பாக்ஸில் அடங்கும் சிறிய ஸ்பீக்கரால் முடியாது, கோன்தான் திணறும்.

பசை முழுப் பிடிப்புக்கு வர 24 மணி நேரம் ஆகும். அதுவரை வண்டியைக் கழுவவோ மழையில் எடுக்கவோ வேண்டாம். பிறகு அதே டோன் சோதனையைப் பகலிலேயே செய்யுங்கள். குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வைத்திருக்கும் வரம்பு. முதல் மழைக்குப் பிறகு ஒரு தடவை ஸ்பீக்கரைக் கழற்றி, ஷீட்டின் ஓரங்களை நகத்தால் நெம்பிப் பாருங்கள். எழும்பியிருந்தால் மறுபடியும் துடைத்து, சூடுகாட்டி உருட்டுங்கள்.