பேஸ்போல் ரீமுகள் இளம் பிள்ளையளைத் தேடி வளர்க்கிற முறை: எங்கட வன்னிக் கிறவுண்டில எப்பிடிச் செய்யலாம்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கிளப்புகள் ரீம் சேர்க்கிற விதம் எல்லாருக்கும் தெரியும். ரோனமென்ற் நோட்டிஸ் வந்த உடன இப்ப ஆர் நல்லா அடிக்கிறான் எண்டு பாத்து, பக்கத்து ஊரில இருந்தும் ரெண்டு மூண்டு பேரைக் கூப்பிட்டு, ஜேர்சி அடிச்சுக் குடுத்து இறக்கிறது, கப் வந்தால் வெடி, வராட்டில் அடுத்த வருசம் வேற ஆக்கள். இப்பிடி எத்தினை வருசம் ஓடினாலும் எங்கட ஊரிலயே வளந்த பெடியன் மாகாணத்தைத் தாண்டிப் போறது அரிது. எனக்கு இதில சரியான கவலை, ஏனெண்டால் எறியத் தெரிஞ்ச, ஓடத் தெரிஞ்ச பிள்ளையள் இஞ்ச வேண்டிய அளவு இருக்கினம், அவையைத் தேடிப் போறதுக்கும் வச்சு வளர்க்கிறதுக்கும்தான் ஆள் காணாது.

அமெரிக்க பேஸ்போல்காரர் இதை நூறு வருசத்துக்கு முதலே யோசிச்சவை. 1920களில சென்ற் லூயிஸ் கார்டினல்ஸ் ரீமிட்ட பெரிய நகரத்து ரீமுகளைப் போல ஆக்களை விலைக்கு வாங்கக் காசில்லை, அப்ப அதை நடத்தின பிராஞ்ச் ரிக்கி என்ன செய்தாரெண்டால் சின்ன ஊர்களில இருந்த ரீமுகளைக் கைக்குள்ள எடுத்து, அதுகளில இளம் பெடியளைப் போட்டுப் பழக்கி, தேறி வாறவையை மேல எடுத்தார். 1926 இல தங்கட முதல் வேர்ல்ட் சீரிஸை, அதாவது அமெரிக்க சம்பியன் பட்டத்தை, வெண்டவை, 1946 முடியேக்க ஆறு. அங்கத்தை ஆக மேல்மட்டமான மேஜர் லீக்கில இண்டைக்கு இருக்கிற 30 ரீமும் அந்த வழியிலதான் போகுது. டொமினிக்கன் குடியரசில மட்டும் 30 ரீமுக்கும் அக்கடமி இருக்கு, 16 வயசில சைன் பண்ணி அங்க வச்சு வளர்க்கினம். நான் கீழ எழுதுறது பேஸ்போலை வச்சுத்தான், ஆனா எல்லே ஆடுற பள்ளிக்கூடம், சொவ்ற்போல் ஆடுற பெட்டையள், கிரிக்கெற் கிளப் ஆரெண்டாலும் எடுத்துச் செய்யலாம்.

முதல் வேலை எங்க தேடுறது எண்டதுதான். பேஸ்போல் ஆடுறவனைத் தேடாதேங்கோ, இஞ்ச ஆடுறவையே குறைவு. 1970 இல கன்சாஸ் சிற்றி ரோயல்ஸ் ஒரு அக்கடமி துவங்கினது, அதில பேஸ்போல் அனுபவத்தைப் பெரிசாப் பாக்கேல்லை, ஓட்டம், கண் பார்வை, கை கால் சுறுசுறுப்பு இதுகளைச் சோதிச்சு ஆக்களை எடுத்தவை. அதில வந்தவர் பிராங்க் வைற், அவர் படிச்ச பள்ளிக்கூடத்தில பேஸ்போல் ரீமே இருக்கேல்லை, பிறகு சிறந்த களத்தடுப்புக்குக் குடுக்கிற கோல்ட் குளோவ் விருதை எட்டுத்தரம் எடுத்தார். செலவு கூட எண்டு அக்கடமியை 1974 இல மூடிப்போட்டினம், எண்டாலும் அந்த யோசினை சரி எண்டுதான் நான் சொல்லுவன். 2008 இல இந்தியாவில நடந்த எறியிற போட்டி ஒண்டில உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியிற பெடியள் ரெண்டு பேர், ரிங்கு சிங், தினேஷ் பட்டேல், பிற்ஸ்பேர்க் பைரேற்ஸ் ரீமுக்கு சைன் பண்ணினவை. மேஜர் லீக் வரைக்கும் ரெண்டு பேரும் போகேல்லை, ஆனா பேஸ்போலைக் கையில தொட்டிராத ஈட்டிக்காரன் கொஞ்ச மாசத்தில ஒரு மேஜர் லீக் ரீம் சைன் பண்ணுற அளவுக்கு எறிஞ்சவன் எண்டதை யோசிச்சுப் பாருங்கோ.

அப்ப எங்கட ஸ்கவுட்டிங், அதாவது திறமையான பிள்ளையளைத் தேடிப் பாக்கிற வேலை, துவங்க வேண்டிய இடம் பள்ளிக்கூடங்களின்ர இல்ல விளையாட்டுப் போட்டி. வருசத் துவக்கத்தில பரந்தன், தர்மபுரம், மல்லாவி, ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு எண்டு எல்லாப் பள்ளிக்கூடத்திலயும் நடக்கும், ஈட்டி, குண்டு, 100 மீற்றர், உயரம் பாய்தல் எல்லாம் ஒரே நாளில பாக்கலாம், ஒரு சதமும் செலவில்லை. முதலாம் இடம் வந்தவனை எல்லாரும் பாப்பினம், நீங்கள் நாலாம் அஞ்சாம் இடம் வந்த சின்ன உடம்புக்காரனைப் பாருங்கோ, ஏனெண்டு பிறகு சொல்லுறன். முல்லைத்தீவுக் கரையில கரவலை இழுக்கிற இடம், வயல் விளைஞ்ச நேரம் குரங்குக்கும் குருவிக்கும் கல்லெறியிற பிள்ளையள், இதுகளையும் விடாதேங்கோ. மரியானோ ரிவேரா பனாமாவில மீன்பிடிக்கிற ஊர்ப் பெடியன், சின்னனில பால் பெட்டி மட்டையில கிளவுஸ் செய்து விளையாடினவர், பிறகு 652 சேவ் (வெல்லுற நிலையில இருக்கிற மச்சைக் கடைசியில எறிஞ்சு காப்பாத்துறது) எடுத்து 2019 இல ஹோல் ஒவ் பேம் எண்ட பேஸ்போலின்ர பெரிய கௌரவத்துக்குப் போகேக்க வாக்குப் போட்ட அத்தினை பேரும் அவருக்குப் போட்டவை.

பாக்கிற விதத்தைக் கொஞ்சம் விரிவாச் சொல்லோணும், இதிலதான் கனபேர் பிழை விடுறது. ஒரு பிள்ளை எறியேக்க பந்து எங்க போய் விழுகுதெண்டு பாக்காதேங்கோ, முதல் பத்து எறியிலயும் பிள்ளையைப் பாருங்கோ. ஒருக்காப் பின்னால நிண்டு, ஒருக்கா எறியிற கைப் பக்கமா நிண்டு. முன் கால் நிலத்தில படேக்க முழங்கை தோள் உயரத்துக்கு வந்திட்டுதோ, இல்லாட்டி கீழ தொங்குதோ? இடுப்பு முதல் திரும்பி அதுக்குப் பிறகு தோள் வருதோ, இல்லாட்டி எல்லாம் ஒண்டாத் திரும்புதோ? விட்ட பிறகு கை தானா உடம்புக்குக் குறுக்கால ஓடி மற்றத் தொடைப் பக்கம் முடியுதோ, இல்லாட்டி இடையில வெட்டி நிக்குதோ? மணிக்கட்டு இளக்கமா இருந்து கை சாட்டை மாதிரி வந்தால் அந்தப் பிள்ளை இப்ப 40 மீற்றர்தான் எறிஞ்சாலும் பேரை எழுதுங்கோ, தோளை இறுக்கி முழுப் பலத்தையும் போட்டு 55 மீற்றர் எறியிறவனை விட நாளைக்கு அவன் கூடத் தூரம் எறிவான். போனில ஸ்லோ மோஷன் இருக்குத்தானே, பக்கத்தில நிண்டு எடுத்து வையுங்கோ, ஆறு மாசத்துக்குப் பிறகு அந்த வீடியோ தேவைப்படும். ஓட்டத்துக்கு ஸ்கவுட்மார் 60 யார் ஓட விடுறவை, கிட்டத்தட்ட 55 மீற்றர். எங்கட கிரவல் நிலத்தில வெறுங்காலோட ஓடுறவனை அமெரிக்கக் கணக்கோட ஒப்பிட வேண்டாம், அவன்ர இண்டைய நேரத்தை அவன்ர அடுத்த நேரத்தோட ஒப்பிடுங்கோ.

இப்ப அந்தச் சின்ன உடம்புக் கதை. 14 வயசில மீசை வந்தவன் முந்தி வளந்தவன், அவன் அடிக்கிற அடிக்குக் காரணம் அரைவாசி உடம்பு, மற்றவையும் வளர அந்த வித்தியாசம் போயிடும். பிறந்த மாசமும் அப்பிடித்தான், வயசுக் கட்-ஓவ் திகதிக்கு அடுத்து பிறந்த பிள்ளை தன்ர பிரிவில கிட்டத்தட்ட ஒரு வயசு மூத்தது, அதாலதான் எல்லா ரீமிலயும் அந்த மாசத்துப் பிள்ளையள் கூட. ஹோசே அல்ரூவே வெனிசுவேலாவில 16 வயசில ஹூஸ்ரன் அஸ்ரோஸ் ட்ரையலுக்குப் போக, கட்டை எண்டு போட்டு நாளைக்கு வரவேண்டாம் எண்டவை, அடுத்த நாளும் போய் நிண்டார், வெறும் 15,000 டொலருக்கு சைன் பண்ணினது, 2017 இல மேஜர் லீக்கின்ர ஒரு பிரிவான அமெரிக்கன் லீக்கில எம்விபி, அதாவது அந்த வருசத்தின்ர சிறந்த ஆட்டக்காரன். உயரம் அஞ்சடி ஆறங்குலம்தான். ஆனபடியால் பிறந்த திகதியையும் தாய் தேப்பனின்ர உயரத்தையும் கேட்டு எழுதுங்கோ, பிள்ளை இன்னும் எவ்வளவு வளரும் எண்டு ஓரளவு பிடிபடும்.

எழுதுறது எண்டு நான் சொல்லுறது சும்மா பேருக்கில்லை. ஒரு சிஆர் கொப்பி வாங்கி பிள்ளைக்கு ரெண்டு பக்கம் ஒதுக்குங்கோ. பேஸ்போல் ஸ்கவுட்மார் 20 இல இருந்து 80 மட்டும் ஒரு கணக்கு வச்சிருக்கினம், 50 எண்டால் சாதாரண மேஜர் லீக் ஆட்டக்காரன், அடி, அடியின்ர பலம், ஓட்டம், எறி, களத்தடுப்பு எண்டு அஞ்சுக்கும் தனித்தனிய. அதில எனக்குப் பிடிச்சது என்னெண்டால் ஒவ்வொண்டுக்கும் ரெண்டு நம்பர் போடுறவை, இப்ப எவ்வளவு, முழுசா வளந்த பிறகு எவ்வளவு. எங்களுக்கு 50 எண்டதை மாகாண ரீம் தரம் எண்டு வையுங்கோவன். ஒரு பெடியன்ர எறிக்கு இப்ப 30, பிறகு 55 எண்டு எழுதினால், ஏன் 55 எண்டு பக்கத்தில ஒரு வசனம் கட்டாயம் எழுதோணும், காரணம் எழுத வராட்டில் அது ஆசையில போட்ட நம்பர். ஒரு ஆள் மட்டும் போடவும் வேண்டாம், பீரி சேர் ஒருக்கா, கிளப் அண்ணா ஒருக்கா, ஆளையாள் காட்டாமல் போட்டுப் பிறகு சேந்திருந்து கதையுங்கோ.

குணத்தையும் பாருங்கோ. பிழை விட்ட அடுத்த பந்துக்கு எப்பிடி நிக்கிறான், தனக்கு வேலையில்லாத நேரம் கிறவுண்டில என்ன செய்யிறான், இது போதும்.

இவ்வளவும் செய்தாலும் கணிப்புப் பிழைச்சுப் போகும், அது ஸ்கவுட்டிங்கின்ர இயல்பு. 2013 ட்ராவ்ற்றில (ரீமுகள் முறை வச்சுப் புது ஆக்களைத் தெரிவு செய்யிறது) அஸ்ரோஸ் முதலாவதா எடுத்த மார்க் அப்பெல் மேஜர் லீக்கில இறங்கினது 2022 இல, அதுவும் வேற ரீமுக்கு. ரெண்டாவதாப் போன கிறிஸ் பிரையன்ற் 2016 இல எம்விபி, அந்த வருசம்தான் அவரை எடுத்த சிக்காகோ கப்ஸ் 108 வருசத்துக்குப் பிறகு வேர்ல்ட் சீரிஸ் வெண்டது. மறுபக்கம் பாத்தால் அல்பேர்ட் பூஹோல்ஸ் 1999 இல 402 ஆவது ஆள், கடைசியில 703 ஹோம் ரன். எல்லாத்தையும் அளக்கிற கருவி வச்சிருக்கிற ஆக்களுக்கே இப்பிடி எண்டால் நாங்கள் ரெண்டு ஸ்ராரை மட்டும் நம்பி இருக்கேலாது, 25, 30 பிள்ளையளை எடுத்து வச்சிருக்கோணும், அஞ்சாறு பேர் தேறினால் அது நல்ல அறுவடை.

எடுத்த பிறகு வளர்க்கிறது. இதில முதல் தேவை பி ரீம், முதல் ரீமுக்குக் கீழ பழகிற ரீம். மேஜர் லீக்குக்குக் கீழ இருக்கிற மைனர் லீக்கில படிப்படியா ரூக்கி, சிங்கிள் ஏ, ஹை ஏ, டபிள் ஏ, ட்ரிப்பிள் ஏ எண்டு போகோணும், ஒரு படியில நிலைச்ச பிறகுதான் அடுத்தது. எங்களுக்கு 14 வயசுக்குக் கீழ ஒண்டு, 17 க்குக் கீழ ஒண்டு, பிறகு கிளப் பி ரீம், இந்த மூண்டும் காணும், ஆனா மூண்டுக்கும் உண்மையான மச் வேணும், மாங்குளமும் நெடுங்கேணியும் மாதத்தில ரெண்டு சனிக்கிழமை சந்திச்சு ஆடினாலே எவ்வளவோ. மேல ஏத்தின பெடியன் முதல் சில மாசம் தடுமாறுவான், உடன இறக்கி அவமானப்படுத்தாதேங்கோ. மைக் ட்ரவுட் 2011 இல முதல் 40 மச்சில .220 தான், அதாவது நூறுக்கு 22 தரம்தான், சரியா அடிச்சவர், அடுத்த வருசம் அமெரிக்கன் லீக்கின்ர சிறந்த புது ஆட்டக்காரன். இடத்தை மாத்திப் பாக்கவும் பயப்பிடாதேங்கோ, 1988 இல 62 ஆவது சுற்றில எடுத்த மைக் பியாசாவை முதல் பேசில இருந்து கச்சர், அதாவது அடிக்கிறவனுக்குப் பின்னால இருந்து பந்து பிடிக்கிற ஆள், ஆக மாத்தினவை, 2016 இல ஹோல் ஒவ் பேம். ரிவேராவும் பந்தெறிய வர முதல் ஷோர்ட்ஸ்ரொப் எண்ட களத்தடுப்பு இடத்தில நிண்டவர்தான். ஒரு நேரம் ஒரு திருத்தம் மட்டும் சொல்லுங்கோ, முழங்கையும் பிழை காலும் பிழை பிடியும் பிழை எண்டு ஒரே பின்னேரத்தில சொன்னால் பிள்ளை குழம்பி நிக்கும்.

கையைக் காப்பாத்துறது எல்லாத்திலயும் முக்கியம், இதில விட்டுக்குடுப்பே இருக்கக் கூடாது. மேஜர் லீக்கும் அமெரிக்க பேஸ்போல் சங்கமும் 2014 இல சேந்து விட்ட வழிகாட்டலில 11, 12 வயசுக்கு ஒரு நாளைக்கு ஆகக்கூட 85 பிச் (அடிக்கிறவனுக்கு எறியிற எறி), 13 தொடக்கம் 16 மட்டும் 95, 17, 18 க்கு 105. 13, 14 வயசுக்காரன் 66 பிச்சோ அதுக்கு மேலயோ போட்டால் நாலு நாள் ஓய்வு. வருசத்தில நாலு மாசம் எறியிறதையே விடச் சொல்லுது, அதில ரெண்டு மூண்டு மாசம் தொடர்ந்து. எங்களுக்கு அது சுகம், ஒக்ரோபருக்குப் பிறகு மாரி பிடிச்சால் கிறவுண்ட் தண்ணிதானே, அந்த நேரம் ஓட்டமும் உடம்பு வேலையும் செய்யட்டும். காலமை கிரிக்கெற்றில பந்து போட்டிட்டுப் பின்னேரம் இஞ்ச வந்து பிச் பண்ணுற பிள்ளைக்கு ரெண்டு கணக்கையும் கூட்டோணும். முழங்கை உள்பக்கம் நோகுதெண்டு ஒரு பிள்ளை சொன்னால் அண்டைக்கே நிப்பாட்டி டொக்டரிட்ட காட்டுங்கோ, பைனலா இருந்தாலும். கடினப் பந்தில அடிக்க நிக்கிறவனுக்கு ஹெல்மெட் இல்லாமல் ஒரு பந்தும் போடவேண்டாம், ஹெல்மெட் வரும் மட்டும் ரெனிஸ் போல் போதும், எல்லே ஆடின பிள்ளைக்கு அது பழக்கம்தானே.

அடுத்தது வயிறு. பள்ளிக்கூடம் விட்டு வெறு வயித்தோட மூண்டு மணிக்கு வந்து நிக்கிற பிள்ளைக்கு என்ன பழக்கினாலும் ஏறாது. மேஜர் லீக் ரீமுகளே 2022 இலதான் மைனர் லீக் பெடியளுக்குத் தங்க இடம் குடுக்கிறதைக் கட்டாயமாக்கினவை, அதுக்கு முதல் ஒரு அறைக்குள்ள நாலைஞ்சு பேர் படுத்தெழும்பின காலம் கன வருசம். வெளிநாட்டில இருக்கிற அண்ணாமாரிட்ட இதைத்தான் கேக்கிறன், பெரிய கப்புக்கும் பரிசுத் தொகைக்கும் அனுப்புற காசில அவிச்ச பயறு, கடலை, முட்டை, பஸ் காசு, நாலு கிளவுஸ், ஹெல்மெட் எண்டு அனுப்புங்கோ, 25 பிள்ளை ஒரு வருசம் பிராக்டிசுக்கு வரும். ஓஎல் எடுக்கிற வருசம் பிள்ளைக்கு மூண்டு மாசம் லீவு குடுங்கோ, டொமினிக்கன் அக்கடமிகளிலயே வகுப்பு வைக்கினம், படிப்பைக் குழப்பிற கிளப் எண்டு பேர் வந்தால் ஒரு தாயும் அனுப்ப மாட்டா, அனுப்பவும் கூடாது.

துவங்கிறதெண்டால் வாற இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ரெண்டு பேர் ஒரு ஸ்ரொப்வோச், அளவு ரேப், கொப்பியோட போங்கோ, முதலே அதிபரிட்டச் சொல்லிப்போட்டு. அஞ்சு பள்ளிக்கூடத்தில 60 பேர் எழுதி, சித்திரை லீவில கூப்பிட்டு ரெண்டு நாள் வச்சுப் பாத்து 25 பேரை எடுங்கோ, பெட்டையளுக்குத் தனிய ஒரு 25. வீட்டுக்குப் போய் தாய் தேப்பனோட கதைக்கிறதை வேற ஆளிட்ட விடாதேங்கோ, கோச்சே போகோணும். முதல் வருசம் எந்த ரோனமென்றுக்கும் பேர் குடுக்க வேண்டாம், உள்ளுக்குள்ள ரெண்டு ரீமாப் பிரிச்சு ஆடுங்கோ, மூண்டு மாசத்துக்கொருக்காக் கொப்பியைத் திறந்து திரும்ப அளந்து பாருங்கோ.