பிரீசெட் மாத்தி மாத்தி கேக்குறதை விட்டுட்டு எஃப்எம் சின்த்ல சொந்தமா ஒரு கோயில் மணி செய்யலாம் வாங்க

ஒரு காலத்துல என் லேப்டாப்ல டிஎக்ஸ்7, அதாவது யமஹாவோட பழைய எஃப்எம் சின்தசைசர், அதோட சவுண்டு மட்டும் ஆயிரக்கணக்குல கெடந்துச்சு. ஒரு பேங்க் ஃபைலுக்குள்ள 32 சவுண்டு இருக்கும், ஆனா சைஸ் வெறும் 4104 பைட், பெரியப்பா காலையில வாட்ஸ்அப்ல தட்டி விடுற குட் மார்னிங் படத்துல ஒரு ஓரத்துக்கு கூட தேறாது, அதனால கணக்கே இல்லாம இறக்கிட்டே இருந்தேன். ராத்திரி உக்காந்து ஒவ்வொண்ணா மாத்தி மாத்தி கேப்பேன், இது நல்லாருக்கு, அது அதைவிட நல்லாருக்கு, மணி பன்னெண்டரை ஆகும், மூடி வெச்சுட்டு படுத்துருவேன். ஒரு பாட்டு முடிச்சதில்ல. அப்புறம் ஒரு நாள் அந்த ஃபோல்டரை மொத்தமா டெலிட் பண்ணிட்டு வெறும் ஒரு சைன் வேவ்ல இருந்து, அதாவது எந்த அலங்காரமும் இல்லாத ஒத்தை சத்தத்துல இருந்து ஆரம்பிச்சேன், அன்னிக்குத்தான் இந்த சின்த் எனக்கு புரிஞ்சுது. அதைத்தான் இங்க எழுதுறேன்.

தேவையானது ரெண்டே ரெண்டு. டெக்ஸெட்னு ஒரு ஃப்ரீ பிளக்இன் இருக்கு, யமஹா டிஎக்ஸ்7 மாதிரியே வேலை செய்யும், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும். அது கூட ரீப்பர் மாதிரி ஏதாவது ஒரு டிஏடபிள்யூ, அதாவது பாட்டு பதிவு பண்ற சாஃப்ட்வேர், மேக் வெச்சிருந்தா கராஜ்பேண்டே போதும். மிடி கீபோர்டு இருந்தா நல்லது, இல்லன்னாலும் ஒண்ணும் குடி முழுகிடாது. டெக்ஸெட்டை தனி ஆப்பாவே திறந்து வாசிக்கலாம்தான், ஆனா நம்மகிட்ட இருக்கிறது ஒரே ஒரு மவுஸ், அதுல கீயை அமுக்கிப் பிடிப்பீங்களா நாபை திருப்புவீங்களா? அதனால டிஏடபிள்யூல நாலு பார் நீளத்துக்கு ஒரே ஒரு நோட்டை வரைஞ்சு லூப்ல ஓட விட்டுருங்க, கை ஃப்ரீயா இருக்கும்.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் தாண்டிப் போகாதீங்க. மாஸ்டர்ல ஒரு லிமிட்டர், அதாவது சத்தம் ஒரு அளவுக்கு மேல போகாம தடுக்கிற எஃபெக்ட், போட்டுட்டு ஆரம்பிங்க. எஃப்எம்ல ஒரு நாபை லேசா தொட்டாலே சாதுவா இருந்த சவுண்டு திடீர்னு தகர டப்பாவுக்குள்ள ரம்பம் விட்ட மாதிரி கத்தும். ஹெட்ஃபோன் மாட்டிட்டு நான் ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கிட்டேன், ரெண்டு நாளைக்கு வலது காதுல ஙொய்ங்குன்னு கேட்டுட்டே இருந்துச்சு.

இப்ப கொஞ்சம் கதை. இந்த எஃப்எம், அதாவது ஃப்ரீக்வென்சி மாடுலேஷன், எந்த கம்பெனி லேப்லயும் திட்டம் போட்டு கண்டுபிடிச்சது இல்ல. 1967ல ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டில ஜான் சவுனிங்னு ஒரு கம்போசர் கம்ப்யூட்டர்ல வைப்ராட்டோ போட்டு பாத்துட்டு இருந்தார். வைப்ராட்டோன்னா ஸ்வரத்தை லேசா மேலயும் கீழயும் அசைக்கிறது, நம்ம ஊர்ல சொல்லணும்னா கம்பித கமகத்துக்கு தூரத்து சொந்தம்னு வெச்சுக்கோங்க. செகண்டுக்கு 6 தடவை அசைச்சா அசைவு தெரியும். அவர் அந்த வேகத்தை ஏத்திக்கிட்டே போனார், ஒரு எல்லையைத் தாண்டினதும் அசைவு காதுக்கு தெரியல, அதுக்கு பதிலா ஸ்வரத்தோட நிறமே மாறிடுச்சு. அவ்வளவுதான் எஃப்எம். அமெரிக்க ஆர்கன் கம்பெனிகள் வேண்டாம்னு விட்டதை யமஹா வாங்கிக்கிச்சு, 1983ல டிஎக்ஸ்7 வந்துச்சு, அப்புறம் அந்த பத்து வருஷமும் உலகம் முழுக்க ரேடியோவை திறந்தா அதுதான்.

சரி, அவர் பண்ணதையே நாம பண்ணிப் பாப்போம். டெக்ஸெட்ல இனிட் பட்டனை அமுக்குங்க. ஆறு ஆப்பரேட்டர் தெரியும், ஒவ்வொண்ணும் ஒரு சைன் வேவ், இப்ப முதலாவது மட்டும்தான் சத்தம் போடும், மத்ததோட லெவல் எல்லாம் 0. கேட்டா ட்யூனிங் ஃபோர்க் மாதிரி மொட்டையா ஊன்னு ஒரு சத்தம். இப்ப ரெண்டாவது ஆப்பரேட்டர்ல ரேஷியோன்னு இருக்கிறதை ஃபிக்ஸடுக்கு மாத்துங்க, கோர்ஸ் (பெரிய படி), ஃபைன் (சின்ன படி) ரெண்டையும் திருப்பி 6 ஹெர்ட்ஸ் பக்கத்துல கொண்டு வாங்க, லெவலை 75க்கு ஏத்துங்க. குரல் நடுங்குற மாதிரி கேக்குதா? அதான் வைப்ராட்டோ. இப்ப கோர்ஸை ஒரே ஒரு படி ஏத்துங்க. ஃபிக்ஸட்ல ஒரு படின்னா 10 மடங்கு, 6 இப்ப 60 ஆயிடும், நடுக்கம் போய் கரகரன்னு ஒரு உறுமல் வரும். இன்னொரு படி, 600 ஹெர்ட்ஸ், உறுமலும் போய் உலோகத்தை தட்டுன மாதிரி ஆயிடும். இந்த மூணு படியை நான் முதல் தடவை கேட்டப்ப ஒரு அரைமணி நேரம் இதையே முன்னாடியும் பின்னாடியும் திருப்பிட்டு இருந்தேன், நீங்களும் இருங்க, அவசரமில்ல.

கேக்குற ஆப்பரேட்டருக்கு பேர் கேரியர், அதை ஆட்டி வைக்கிறவனுக்கு பேர் மாடுலேட்டர். மாடுலேட்டரோட சத்தம் நேரா நமக்கு கேக்காது, சினிமால பின்னணிக் குரல் குடுக்கிறவங்க மாதிரின்னு சொல்ல வந்தேன், அதுவும் சரியில்ல, பொம்மலாட்டத்துல கயிறு பிடிக்கிறவர் மாதிரின்னு சொல்லலாம். யார் யாரை ஆட்டுறாங்கன்னு காட்டுற படம்தான் அல்காரிதம், மொத்தம் 32 இருக்கு, படத்துல கடைசி வரிசையில இருக்கிறதெல்லாம் கேரியர். 32ஐயும் மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல, நான் முக்கால்வாசி நேரம் 5ஆம் நம்பர்லயேதான் குடியிருக்கேன், அதுல மூணு ஜோடி தனித்தனியா இருக்கும், 2 ஆட்டுறது 1ஐ, 4 ஆட்டுறது 3ஐ, 6 ஆட்டுறது 5ஐ. ஒரு ஜோடி புரிஞ்சா மூணும் புரிஞ்சுது.

இப்ப ஃபிக்ஸடை மறுபடி ரேஷியோவுக்கு மாத்திருங்க, எந்த கீ அமுக்கினாலும் மாடுலேட்டர் கூடவே ஏறி இறங்கும். இந்த ரேஷியோதான், அதாவது அமுக்குன ஸ்வரத்தோட எத்தனை மடங்குங்கிறதுதான், எல்லாத்துக்கும் சாவி, எல்லாரும் பெஸ்ஸல் ஃபங்ஷன் அது இதுன்னு பயமுறுத்துவாங்க, நமக்கு கூட்டல் கழித்தல் போதும். கேரியர் 200 ஹெர்ட்ஸ், மாடுலேட்டரும் 200ன்னா, 200ஐ கூட்டிக்கிட்டே போங்க, 400, 600, 800ன்னு வரும், எல்லாம் 200ஓட மடங்கு, அதனால காதுக்கு ஒரே ஸ்வரமா ஒட்டிக்கும், லெவலை ஏத்த ஏத்த பித்தளை வாத்தியம் மாதிரி பளபளன்னு ஆகும். ரேஷியோ 2ன்னா மாடுலேட்டர் 400, அப்ப 200, 600, 1000ன்னு ஒத்தைப்படை மட்டும் நிக்கும், கிளாரினெட் மாதிரி உள்ளே குடைஞ்ச சத்தம். இப்ப 1.4 வெச்சு பாருங்க, மாடுலேட்டர் 280. கூட்டுனா 480, 760, 1040. கழிச்சா 80, 360, 640, மைனஸ்ல போறது திரும்பி ப்ளஸ்ஸா வந்துரும்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. இதுல எதுவுமே 200க்கு மடங்கு இல்ல, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது, அந்த ஒட்டாத்தனத்தைத்தான் நாம மணின்னு சொல்றோம்.

அப்ப மணியையே செய்வோம். அல்காரிதம் 5. ஆப்பரேட்டர் 1, ரேஷியோ 1, லெவல் 99. ஆப்பரேட்டர் 2, கோர்ஸ் 1, ஃபைன் 40, அதான் 1.40, லெவல் 80. இப்ப வாசிச்சா மணி மாதிரி இருக்காது, மணியை யாரோ விடாம தேய்க்கிற மாதிரி இருக்கும். ஏன்னா என்வலப், அதாவது சத்தம் எப்படி ஏறி எப்படி அடங்கணும்கிற கணக்கு, இன்னும் போடல.

டிஎக்ஸ்7 என்வலப்லதான் பாதிப் பேர் வண்டியை நிறுத்திட்டு இறங்கிப் போயிடுறாங்க. நாலு ரேட், நாலு லெவல். ஒண்ணு, ரேட்னா வேகம், நேரம் இல்ல, 99ன்னா கண்ணிமைக்கிற நேரம், சின்ன நம்பர்னா ஆமை. வேற சின்த் பழகிட்டு வந்தவங்களுக்கு இது தலைகீழா தெரியும். ரெண்டு, லெவல் 4 தான் ஆரம்பிக்கிற இடமும், கீயை விட்டப்புறம் போய் சேர்ற இடமும். அதை 99ல வெச்சீங்கன்னா சத்தம் நிக்கவே நிக்காது, நான் வெச்சேன், பிளக்இன் ஹேங் ஆயிடுச்சுன்னு நெனச்சு மெஷினையே ரீஸ்டார்ட் பண்ணேன், வெக்கக்கேடு.

கேரியருக்கு ரேட் 95, 30, 30, 30. லெவல் 99, 0, 0, 0. தட்டுனதும் உச்சத்துக்கு போய் மெதுவா செத்துப் போகும். ரேட் 4ஐ இனிட்ல இருந்த 99லயே விட்டுடாதீங்க, கீயை விட்ட உடனே சத்தம் டக்குன்னு அறுந்துரும், மணியை கையால பொத்துன மாதிரி. மாடுலேட்டருக்கும் அதே லெவல்தான், ரேட் மட்டும் 95, 36, 36, 36, அதாவது கேரியரை விட கொஞ்சம் சீக்கிரம் இறங்கணும். இதுதான் விஷயமே. நிஜ மணியில தட்டுன உடனே இருக்கிற கிணுகிணுப்பு முதல்ல அடங்கும், கடைசில ரீங்காரம் மட்டும் நிக்கும், இங்க மாடுலேட்டர் இறங்க இறங்க கேரியர் பழையபடி மொட்டை சைன் வேவா ஆகுது, அதுதான் அந்த ரீங்காரம். மத்த சின்த்ல ஃபில்டர் பண்ற வேலையை இங்க மாடுலேட்டரோட என்வலப் பண்ணுது.

ரெண்டாவது ஜோடி. ஆப்பரேட்டர் 3, ரேஷியோ 1, லெவல் 90, சுருதியை மயிரிழை விலக்குற டீட்யூனை ஏதாவது ஒரு பக்கம் முழுசா 7க்கு தள்ளுங்க. ஆப்பரேட்டர் 4க்கு 3.5 வேணும். கோர்ஸ் 3ல வெச்சு ஃபைன் திருப்பினா 3.48க்கு அப்புறம் 3.51க்கு தாவிரும், நடுவுல நிக்காது, கோர்ஸை 2ல வெச்சு ஃபைன் 75 போடுங்க, கரெக்டா 3.50. லெவல் 70 போதும். என்வலப் முதல் ஜோடியோடதையே காப்பி பண்ணிக்கலாம். இப்ப கீழ் ஸ்தாயில ஒரு நோட் போட்டு காத்திருங்க, கிட்டத்தட்ட ஒரே சுருதில ரெண்டு கேரியர் இருக்கிறதால கடைசில சத்தம் வ்வோம்... வ்வோம்...னு அலை அடிக்கும். பெரிய மணி எதுவும் பிசிறில்லாத வட்டமா வார்க்கப்படுறதில்ல, அதனால நிஜத்துலயும் இப்படித்தான் அடிக்கும். இந்த இடத்துல நான் ஸ்பீக்கர்ல கேட்டுட்டு இருந்தப்ப அடுப்படியில இருந்து எங்கம்மா, இந்நேரத்துல யாருடா மணி அடிக்கிறதுன்னு கேட்டாங்க. அதுக்கு மேல எனக்கு வேற சர்டிஃபிகேட் வேணுமா?

இதே அறிவை வெச்சு எலக்ட்ரிக் பியானோ பத்து நிமிஷ வேலை. அதே 5ஆம் அல்காரிதம், இனிட்ல இருந்து புதுசா, 3, 5 கேரியர் லெவலையும் ஏத்திக்கோங்க, இல்லன்னா அது ரெண்டும் கேக்காது. 3, 4 ஜோடி ரெண்டும் ரேஷியோ 1, மாடுலேட்டர் லெவல் 80 பக்கம், அது உடம்பு. 1, 2 ஜோடியில மாடுலேட்டர் ரேஷியோ 14, லெவல் 58 தாண்ட வேண்டாம், என்வலப் சட்டுனு இறங்கணும், அதுதான் தட்டும்போது வர்ற டிங். 5, 6 ஜோடி உடம்போட நகல், டீட்யூன் எதிரெதிர் பக்கம். மாடுலேட்டர்ல வெலாசிட்டி சென்சிட்டிவிட்டியை 6, 7ன்னு ஏத்துங்க, கேரியர்ல 2 போதும். மெதுவா தொட்டா மெத்துன்னும் ஓங்கி அடிச்சா கண்ணாடி மாதிரியும் பேசும். மிடி கீபோர்டு இல்லாதவங்க பியானோ ரோல்ல ஒவ்வொரு நோட்டுக்கும் வெலாசிட்டியை வேற வேறயா இழுத்து விடுங்க, எல்லாத்தையும் 100ல விட்டுட்டு சவுண்டு செத்துப் போயிருக்குன்னு என்கிட்ட வராதீங்க.

மேல் ஸ்தாயில போனா ரெண்டு சவுண்டுமே கீச்சுன்னு குத்தும். மாடுலேட்டர்ல பிரேக் பாயிண்டை, அதாவது எந்த ஸ்வரத்துல இருந்து லெவல் மாறணும்கிறதை, சி3 கிட்ட வெச்சு, வலது பக்க கர்வை மைனஸ் லீனியர் ஆக்கி, டெப்த்தை 30ல இருந்து ஏத்திப் பாருங்க, மேல போகப் போக மாடுலேட்டர் அடங்கும். ஃபீட்பேக் நாப் ஒண்ணு இருக்கு, 0ல இருந்து 7 வரை, இந்த அல்காரிதம்ல 6ஆவது ஆப்பரேட்டர் தன்னையே ஆட்டிக்கிறது, பேஸ் சவுண்டுக்கு கரகரப்பு வேணும்னா உதவும், மணிக்கு தொடாதீங்க.

எஃபெக்ட் பத்தி. பழைய டிஎக்ஸ்7 மெஷினுக்குள்ள ரிவெர்பும் (பெரிய கூடத்துல கேக்குற எதிரொலி) கிடையாது கோரஸும் (பல வாத்தியம் சேந்து வாசிக்கிற மாதிரி ஆக்குறது) கிடையாது, ஸ்டுடியோவுல வெளியில இருந்துதான் சேத்தாங்க, அதனால டெக்ஸெட் சவுண்டு வறண்டு கெடந்தா அது உங்க தப்பில்ல. மணிக்கு பெரிய ஹால் ரிவெர்ப், பியானோவுக்கு லேசா கோரஸ். ஆனா ரிவெர்பை கடைசில போடுங்க, முதல்லயே போட்டா தப்பெல்லாம் அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும், என்வலப் சரியா வந்துருச்சுன்னு காது ஏமாந்துரும்.

முடிச்சதும் ஸ்டோர் பண்ணுங்க, மறந்துட்டு வேற பிரீசெட்டை க்ளிக் பண்ணா செஞ்சது போச்சு. பேர் வைக்க 10 எழுத்துக்குத்தான் இடம், அதுவும் இங்கிலீஷ் எழுத்துதான் ஏறும். என்னோடது AMMA MANIன்னு சேவ் ஆகியிருக்கு, ஸ்பேஸ் சேத்து சரியா 9.