வற்றல் காயும்போது 3 மணி நேர அறிவிப்பைப் பாருங்கள்

கோடையில் கூழ் வற்றலோ மிளகாயோ மாடியில் காயப் போட்டிருந்தால், மதியம் ஒரு மணிக்கு மேல் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் இணையதளத்தில் அடுத்த 3 மணி நேரத்துக்கான மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்கள். அங்குள்ள வரைபடத்தில் உங்கள் மாவட்டம் மஞ்சள் நிறமாகியிருந்தால் வேட்டியோடு சுருட்டி இறக்கிவிடுங்கள். பாதி காய்ந்த கூழ் வற்றல் ஒருமுறை நனைந்தால் துணியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு மீட்கவே முடியாது.

காலையில் வரும் "ஓரிரு இடங்களில் இடியுடன் மழை" என்ற அறிவிப்பு இதற்கு உதவாது. கோடை இடிமழை வெயில் ஏறிய பிறகு திரளும் மேகத்தால் வருவது. அது எங்கே திரளும் என்று காலையில் திட்டமாகச் சொல்ல முடியாது. 3 மணி நேர அறிவிப்போ, காரைக்கால் போன்ற இடங்களில் உள்ள ரேடார்களிலும் செயற்கைக்கோள் படங்களிலும் அப்போது தெரியும் மேகத்தைப் பார்த்துச் சொல்லப்படுவது.

மாவட்டத்தைச் சரியாகப் பாருங்கள். பலர் தவறுவது இங்கேதான். செட்டிநாட்டு ஊர்களையே எடுத்துக்கொண்டால், காரைக்குடியும் கானாடுகாத்தானும் சிவகங்கை மாவட்டம். கோனாபட்டும் இராயவரமும் புதுக்கோட்டை மாவட்டம்.

எச்சரிக்கை மாவட்டம் முழுமைக்குமானது. சிவகங்கை மாவட்டத்தின் மானாமதுரையில் கொட்டும் மழை அதே மாவட்டத்துக் காரைக்குடியில் ஒரு துளிகூட விழாமல் போகலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கும் இந்த வழி பயன்படாது. அப்போது 5 நாள் முன்னறிவிப்பைப் பார்ப்பதே மேல். (அந்த மாதங்களில் வற்றல் போடுகிறவர்களுக்கு என்னிடம் குறிப்பு இல்லை.)