சிவப்புப் பள்ளிவாசலின் வெள்ளைக் கோடுகள்: மாஸ்கிங் புளூயிட் பூசுவது எப்படி?

கொழும்பு புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் 1909இல் கட்டி முடித்த சிவப்புப் பள்ளிவாசலை வாட்டர் கலரில் வரைய ஆசைப்பட்டுத்தான் மாஸ்கிங் புளூயிட் வாங்கினேன். சுவர் முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடுகள். வெள்ளையாக விட வேண்டிய இடத்தை முதலிலேயே இந்தத் திரவத்தால் மூடிவிட்டால் மேலே தாராளமாக நிறம் தீட்டலாம், பிறகு உரித்தால் கடதாசியின் வெள்ளை அப்படியே இருக்கும். மூன்று கடதாசிகளைக் கிழித்த பிறகு நான்காவதில்தான் படம் தேறியது.

மாஸ்கிங் புளூயிட் என்பது அமோனியா சேர்த்த இறப்பர் பால்தான். காய்ந்ததும் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டு தண்ணீரைத் தடுக்கும். இறப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் தொட வேண்டாம். ஜன்னலையும் திறந்து வையுங்கள், நெடி மூக்கில் ஏறும்.

போத்தலைக் குலுக்காதீர்கள். குலுக்கினால் குமிழி வரும், அது உடைந்த இடத்தில் நிறம் உள்ளே இறங்கிவிடும். குச்சியால் மெதுவாகக் கலக்கி, கொஞ்சத்தை வேறு மூடியில் ஊற்றிக்கொண்டு போத்தலை உடனே மூடுங்கள். நிறமில்லாததை விட மஞ்சள் சாயல் உள்ளதே நல்லது. பூசிய இடம் கண்ணுக்குத் தெரியும்.

நல்ல பிரஷ் இதற்கு வேண்டாம். பழைய நைலான் பிரஷை ஈரச் சவர்க்காரத்தில் தேய்த்துவிட்டுத் தொடுங்கள், வேலை முடிந்ததும் உடனே கழுவுங்கள். எனக்குப் பிடித்தது ஈர்க்கு. விளக்குமாற்றில் ஒன்றை முறித்து நுனியைச் சரிவாகச் சீவினால் மெல்லிய கோடு விழும். முடிந்ததும் எறிந்துவிடலாம்.

பூசும்போது கடதாசி உலர்ந்திருக்க வேண்டும். பூசியது நன்றாகக் காய்ந்த பின் நிறம் தீட்டுங்கள்.

இனி உரிக்கும் கட்டம். நான் கடதாசி கிழித்தது இங்கேதான். கொழும்புக் காற்றில் எப்போதும் ஈரம். கண்ணுக்குக் காய்ந்ததாகத் தெரியும் கடதாசி உள்ளே ஈரமாக இருக்கும், தேய்த்தால் நார் நாராக எழும்பும். புறங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை. மழை நாளில் நான் ஒரு இரவு முழுக்க விடுகிறேன். அவசரப்பட்டு ஹெயார் ட்ரையர் பிடித்தேன், சூட்டில் இறப்பர் கடதாசியோடு ஒட்டிக்கொண்டு அந்தப் படமும் போனது. அதற்காக வாரக் கணக்கில் விட்டாலும் உரிக்க வராது. இரண்டு நாளுக்குள் எடுத்துவிடுங்கள்.

தடித்த ஓரத்திலிருந்து விரலால் மெதுவாக உருட்டினால் வந்துவிடும். செருப்பு அடிக்குப் போடும் கிரேப் இறப்பர் துண்டு கிடைத்தால் இன்னும் சுலபம். நம் நாட்டிலேயே செய்கிறார்கள், கடையில் தனியாக அழிப்பான் வாங்க வேண்டியதில்லை.

கடதாசியில் கஞ்சத்தனம் வேண்டாம். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்திக் கடதாசி தாங்கும், மலிவான கொப்பித் தாள் தாங்காது. எதுவானாலும் முதலில் மூலையில் ஒரு பொட்டு வைத்து உரித்துப் பாருங்கள்.

பின்னர் சேர்த்தது: உரித்த பிறகு வெள்ளையின் விளிம்பு கத்தியால் வெட்டியது போல இருக்கிறதே என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தா. பள்ளிவாசல் கோட்டுக்கு அது பொருந்தும். காலிமுகத்திடல் அலை நுரைக்குப் பொருந்தாது. ஈரமான பிரஷால் விளிம்பை லேசாகத் தேய்த்து, டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள்.